மடியில் ஒரு மானிட்டர்

கால்ல இடிக்குதுங்களா? செத்த இருங்க, இப்படித் திருப்பி வெச்சுக்கறேன். மேல வைக்க முடியாதுங்ணா, உள்ள இருக்கறது மானிட்டர். இருபத்தேழு இஞ்ச். கண்டக்டர் பின்னால வைங்கறாரு. ஒரு வேகத்தடைல தூக்கிப் போட்டா முடிஞ்சுது சோலி. மடியிலயே இருக்கட்டும்.

நீங்க எது வரைக்கும்? பழனியா? நல்லதாப் போச்சு. நான் உடுமலைங்க. ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. இல்ல, நான் வந்துக்கட்டுமா? வேண்டாம் வேண்டாம், இருங்க. எனக்கு இப்பெல்லாம் எந்த எடத்துல உக்காந்தாலும் அடுத்த எடம் நல்லாருக்குமோன்னு தோணுதுங்க. முன்ன இப்படி இல்லை. ஒரே நாற்காலில எட்டு மணி நேரம் அசையாம உக்காந்தவன் நான்.

உடுமலைல என் சம்சாரம் இருக்கறா. அம்சவேணின்னு பேரு. அங்க ஒரு கண் ஆஸ்பத்திரில வேலை. மூணு மாசமா அங்கதான் ரூம் எடுத்துத் தங்கியிருக்கறா. நான் சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பிருவேன். இன்னிக்குப் புதன்கிழமைங்க. இனிமே திரும்பறதில்லைன்னுதான் கெளம்பிட்டேன். லேப்டாப்பு பையில இருக்குது, மானிட்டர் மடியில இருக்குது, நாலு செட்டுத் துணி இருக்குது. எனக்கு வேலை செய்ய வேற என்னங்க வேணும்? அவளுக்கு இன்னும் சொல்லலை, என் பொண்ணுகிட்ட மட்டும் சொன்னேன். போய் நின்னா சந்தோஷப்படுவா.

சண்டை போட்டுட்டுப் போனாளான்னு கேக்கறீங்களா? அட, எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லீங்க. இருபத்திமூணு வருசம். அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க. ஒரு சத்தம் வெளிய வந்திருக்காது.

நான் செக்கருங்க. பஸ் செக்கர் இல்லை. டிராயிங் செக்கர். வெளிநாட்டுல இரும்புல பெரிய பெரிய கட்டடம் கட்டறாங்களே, குடோன், பாலம், அதுக்கு ஒவ்வொரு இரும்புக்கும் படம் போடறது எங்க கம்பெனி. எங்க ஓட்டை போடணும், எத்தனை போல்ட்டுன்னு பசங்க வரைவாங்க. அதுல தப்பு கண்டுபிடிச்சு செவப்புல சுழிக்கறது என் வேலை. பத்தொம்பது வருசமா. ஆபீஸ்ல எனக்கு செவப்புப் பேனான்னே பேரு. ஒரு படத்தைப் பாத்தா எங்க தப்புன்னு கண்ணு தானா அங்க போய் நிக்கும். பெருமைக்குச் சொல்லலைங்க.

ஆபீஸ் அவிநாசி ரோட்டுல, நாலாவது மாடி. காலைல எட்டே முக்காலுக்கு வீட்டை விட்டா சாயங்காலம் ஆறரைக்கு வருவேன். சௌரிபாளையத்துல ஒரு அபார்ட்மெண்ட்டுல சொந்த வீடு. அவ வீட்டைப் பாத்துக்குவா. வேலைக்குப் போனதில்லை. அந்தப் பத்து மணி நேரம் அவ என்ன செய்யறான்னு நான் யோசிச்சதே இல்லீங்க. வீட்டுல இருக்கறவ வீட்டு வேலை செய்வா, வேறென்ன?

அப்பத்தான் கொரோனா வந்துச்சு. ஒரே நாள்ல மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. கம்ப்யூட்டரை வண்டில ஏத்தி வீட்டுக்கே கொண்டாந்து எறக்கினாங்க. மூணு வாரம்னாங்க. ஹால்ல டைனிங் டேபிளை நான் எடுத்துக்கிட்டேன். காத்து வரணும், வெளிச்சம் வரணும், அதுதான் தோதான எடம். அவளும் பொண்ணும் சமையக்கட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டாங்க. என் பொண்ணு மிதுனா அப்ப பத்தாவது.

சொன்னா நம்ப மாட்டீங்க, முத வாரமே எனக்கு அதிர்ச்சிங்க. என் சம்சாரம் மத்தியானம் சமைக்கறதே இல்லைங்க! காலைல செஞ்சதுல மிச்சத்தை எடுத்து, தயிரை ஊத்தி, பதினொன்றரைக்கே குண்டாவோட வெச்சு சாப்பிட்டு முடிச்சிடறா. அதுவும் ரேடியோவைப் போட்டுக்கிட்டு, கீழ காலை நீட்டி உக்காந்துக்கிட்டு. அப்புறம் தாராபுரத்துல இருக்கற அவ தங்கச்சிக்குப் போன். முக்கா மணி நேரம். சிரிப்பு வேற. இத்தனை வருசம் இப்படித்தான் இருந்திருக்கறா, எனக்குத் தெரியலை. நான் ஒண்ணும் குத்தமா சொல்லலைங்க. எடுத்துத்தான் சொன்னேன். ஒடம்பு என்னாகறது? இனி நான்தான் இருக்கறேனே, ஒரு மணிக்குச் சூடா ஒரு கொழம்பு, ஒரு பொரியல், ரசம் வெச்சு எல்லாரும் நல்லா சாப்பிடலாம்னு சொன்னேன். அன்னிலருந்து ரெண்டு வருசம், ஒரு நாள் தவறாம ஒரு மணிக்குச் சூடான சாப்பாடுங்க. எந்தப் புருசன் பொண்டாட்டி சாப்பாட்டு மேல இவ்வளவு அக்கறை எடுத்துக்குவான் சொல்லுங்க.

சத்தம்தான் பெரிய தொந்தரவா இருந்துச்சு. எனக்கு மீட்டிங் இருக்கும். வெள்ளைக்காரன் பேசறது சாதாரணமாவே புரியாது, இதுல குக்கர் விசில் அடிச்சா? அதனால மிக்ஸி ஒம்பது மணிக்கு முன்னால. குக்கர் பத்துக்கு முன்னால. ரேடியோவுக்கு இயர்போன் வாங்கிக் குடுத்தேன். காலிங் பெல் ஒயரைக் கழட்டிட்டேன். லாக்டவுன் தளர்த்துனதும் எதிர்வீட்டு ஷகிலா, மேல்வீட்டு விமலா டீச்சர் ரெண்டு பேரும் பதினோரு மணிக்கு எட்டிப் பாத்தாங்க. வழக்கமா வருவாங்களாம். நான் வாயில வெரலை வெச்சு, மீட்டிங்னு சொன்னேன். ரெண்டு தடவை வந்தாங்க. அப்புறம் வரலை. நல்ல மரியாதை தெரிஞ்சவங்க.

மூணு மாசத்துல வீடு எப்படி ஆச்சுங்கறீங்க? லைப்ரரி மாதிரி. மிதுனா நுனிக்கால்ல நடக்கறா. அம்சா பாத்திரத்தைத் துணி போட்டு அதுமேல வைக்கறா. எங்க ஸ்டீபன் சார், அவருதான் எங்க மேனேஜர், மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் சொன்னாரு, கனகராஜ் வீட்டுல மட்டும்தான் ஆபீஸ் மாதிரி இருக்குதுன்னு. மத்தவங்களுக்கு நாய் கொரைக்கும், கொழந்தை அழுகும்.

பயமும் இருந்துச்சுங்க, அதையும் சொல்லணும். எனக்குப் பக்கத்து சீட்டு சந்திரமோகன். பதினாலு வருசம் பக்கத்துப் பக்கத்துல உக்காந்தோம். ரெண்டாவது அலைல போய்ட்டான். திங்கக்கிழமை எங்கிட்ட ஒரு படத்தைப் பத்தி வாதாடினான், அடுத்த திங்கக்கிழமை இல்லை. ஸ்டீபன் சார் மீட்டிங்ல வந்து சொல்றாரு. ஸ்க்ரீன்ல பன்னெண்டு பேரு மொகம். அன்னிக்கு மட்டும் அம்சா ஹாலுக்குள்ள வந்தா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எம்பக்கத்துல உக்காந்தா. நான் மைக் ஆன்ல இருக்குதுன்னு கையைக் காட்டினேன். எந்திரிச்சுப் போய்ட்டா. பாவம், என்ன சொல்ல வந்தாளோ. அப்புறம் கேக்கலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வருசம் நான் வாசப்படி தாண்டலீங்க. காய்கறி, மருந்து எல்லாம் அவதான் போய் வாங்கிட்டு வருவா. அரை மணி நேரத்துல வர்றவ ஒன்றரை மணி நேரம் ஆக்குவா. வரிசை நீளம்பா. ஒரு தடவை ஜன்னல்ல பாத்தேன், பை ரெண்டையும் கீழ வெச்சுட்டுத் தெருமுனை வேப்பமரத்துக்கடியில சும்மா நின்னுக்கிட்டிருக்கறா. கால் வலிக்குதுபோலன்னு ஒரு முட்டி பெல்ட் ஆர்டர் பண்ணிக் குடுத்தேன்.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க, இதுதான் எனக்கு மனசுல நிக்கறது. என் ஆபீஸ் ஷூ இருக்குதுங்களே, அதைப் பிரதி ஞாயித்துக்கிழமை எடுத்து பாலிஷ் போட்டு வைப்பா. டிபன் பாக்ஸைக் கழுவித் தொடைச்சு வெயில்ல வைப்பா. ரெண்டு வருசமுங்க! நான் ஆபீஸே போகலை. எதுக்கும்மா இதெல்லாம்னு கேட்டா, "ஆபீஸ் தொறந்தா வேணுமில்லீங்க"ன்னா. எம்மேல அவ்வளவு. வெள்ளிக்கிழமை விளக்குக்கு முன்னால நின்னுக்கிட்டு, "இவங்க ஆபீஸை சீக்கிரம் தொறக்கணும் சாமி"ன்னு வாய்விட்டே வேண்டிக்குவா. என் வேலை போயிருமோன்னு அவளுக்கு பயம். நான் சிரிச்சுக்குவேன்.

ஒரு நிமிசம் இருங்க, படம் வரையற பையன் கூப்பிடறான்.

சொல்லு தினேசு... ஆமா, ஆன்லைன்லதான் இருக்கறேன். பின்னால என்ன சத்தமா? அது... வெளிய ரோடு வேலை நடக்குது. பி வரிசைல அந்தத் தூணுக்கு ஓட்டை இருபத்திரண்டு மில்லின்னு போட்டிருக்கறே, கீழ தட்டுல பதினெட்டுன்னு போட்டிருக்கறே. போல்ட்டு எப்படி உள்ள போகும்? ரெண்டையும் பாரு. ஆ, பதினொண்ணுக்கு மீட்டிங், தெரியும். வெச்சுடு.

கெணத்துக்கடவு வந்துருச்சுங்களா? பரவால்லை, வேகமாத்தான் போறான்.

எங்க விட்டேன்... ஷூ. ஆமாங்க. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன் மாசம். எல்லா கம்பெனியும் ஆளைத் திரும்பக் கூப்பிடறாங்க. எங்களையும் எப்ப வேணாலும் கூப்பிட்டுருவாங்கன்னு அம்சா எனக்கு ரெண்டு புதுச் சட்டை எடுத்து வெச்சுட்டா. ஒரு செவ்வாக்கிழமை ஸ்டீபன் சார் மீட்டிங் போட்டாரு. ஆபீஸ் கட்டடத்தைக் காலி பண்றோம், இனிமே எல்லாருக்கும் நிரந்தரமா வீட்டுலருந்தே வேலைன்னாரு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. எந்திரிச்சுப் போய், ஒரு வருசத்துக்கப்புறம் நானே கடைக்கு நடந்து போய், லட்டு வாங்கிட்டு வந்தேன். "அம்சா, இனி நான் எங்கயும் போக வேண்டியதில்லை. ரிட்டயர் ஆகற வரைக்கும் வீட்டுலதான்"ன்னு சொன்னேன். அவ லட்டைக் கையில வாங்கினா. "ரிட்டயர் ஆகற வரைக்குமா?"ன்னு கேட்டா. "அதுக்கப்புறமும் வீட்டுலதானே"ன்னு சொல்லிச் சிரிச்சேன். அவ லட்டுல பாதியைக் கடிச்சா, மீதியை அப்படியே டப்பாக்குள்ள வெச்சா. சந்தோசத்துல தொண்டை அடைச்சுக்கிட்டா சாப்பிட முடியாதில்லீங்க?

அந்த வாரமே ஷூவை வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டா.

அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல மிதுனா காலேஜ் சேந்தா. காலேஜ் எங்க வீட்டுலருந்து எட்டே கிலோமீட்டருங்க. ஹாஸ்டல்லதான் இருப்பேன்னு ஒரே பிடி. எதுக்குன்னா, "பாட்டுக் கேக்கணும்ப்பா"ன்னா. பாட்டுக் கேக்கறதுக்கு ஹாஸ்டலா? இந்தக் காலத்துப் புள்ளைங்க. நான் மறுத்தேன், அம்சாதான் "போகட்டும் விடுங்க"ன்னு பொட்டி கட்டிக் குடுத்தா.

நிரந்தரம்னு ஆனதுக்கப்புறம் வீட்டைச் சும்மா விட முடியுங்களா? ஒழுங்கு பண்ண வேண்டாமா? நான் ஹால்லருந்து பாத்துக்கிட்டே இருக்கறேன், அம்சா ஒரு சாம்பார் வைக்கறதுக்குள்ள சமையக்கட்டுல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பதினாறு தடவை நடக்கறா. எண்ணினேங்க. பருப்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம், கரண்டி இன்னொரு பக்கம். என் கண்ணுக்கு அது பெரிய தப்பாத் தெரியுது. மீட்டிங் இல்லாத நேரமாப் பாத்து, டேப் வெச்சு அளந்து, கம்ப்யூட்டர்ல சமையக்கட்டுக்கு ஒரு படம் போட்டேன். மூணு தடவை திருத்தினேன். அவ ஒரு ஞாயித்துக்கிழமை தாராபுரம் தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் போயிருந்தா. நான் ஒத்தை ஆளா நின்னு அத்தனையும் மாத்தி அடுக்கினேன். டப்பாவுக்கெல்லாம் பேரு ஒட்டினேன். படத்தைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சேன். முதுகு ஒடிஞ்சு போச்சு. ஆனா பாருங்க, பதினாறு நடை நாலு நடையாயிருச்சு.

சாயங்காலம் வந்தா. அடுப்பைப் பத்த வெச்சு எண்ணெய் ஊத்திட்டுக் கையை நீட்டறா, அங்க கடுகு இல்லை. கை அப்படியே அந்தரத்துல நிக்குது. நான் பின்னாலருந்து, "எடது பக்கம் ரெண்டாவது தட்டு"ன்னு சொன்னேன். எண்ணெய் பொகையற வரைக்கும் அவ அப்படியே நின்னா. அப்புறம் அடுப்பை அணைச்சா. "நல்லாருக்கா?"ன்னு கேட்டேன். "நல்லாருக்குதுங்க"ன்னா. அவ வாயாலயே சொன்னாங்ணா.

அடுத்த வாரம் வேலைக்குப் போறேன்னு வந்து நிக்கறா!

சமையக்கட்டு அவ்வளவு தோதா அமைஞ்சதுக்கப்புறம் வேலைக்குப் போறேங்கறா. என்ன கணக்குன்னே எனக்குப் புரியலைங்க. அந்தக் கண் ஆஸ்பத்திரில ஆபரேசனுக்கு வர்றவங்களுக்கு எடுத்துச் சொல்லி தைரியம் சொல்றதுக்கு ஆளு வேணும்னு விமலா டீச்சர் சொல்லியிருக்காங்க. நாப்பத்தஞ்சு வயசுல முத முதலா வேலை. என்னமோ குறையா இருக்குதான்னு கேட்டேன். "ஒண்ணும் குறை இல்லீங்க"ன்னா. "பின்ன எதுக்கு?" "காலைல வெளிய போய்ட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தா எப்படியிருக்கும்னு பாக்கணும்"ன்னா. இதெல்லாம் ஒரு காரணங்களா?

சரி, ஆசைப்படறா, ஒரு மாசம் போகட்டும்னு விட்டேன். கெட்டிக்காரிங்க, அதை நான் மறைக்க மாட்டேன். ஆபரேசன் வேண்டாம்னு ஓடிப்போற கெழவரை வாசல் வரைக்கும் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாளாம். பேசிப் பேசியே பயத்தைத் தெளிய வெச்சுருவாளாம். ஆஸ்பத்திரில ஒருத்தர் எங்கிட்ட, "மேடம் வந்தா எடமே கலகலன்னு ஆயிரும் சார்"ன்னாரு. நான், வேற யாரையோ சொல்றாரு போலன்னு, "அம்சவேணிங்க, கொஞ்சம் செவப்பா, கண்ணாடி போட்டிருப்பாங்க"ன்னு அடையாளம் சொன்னேன். "அவங்களேதான்"னாரு. எங்க வீட்டுல அவ பேசி நான் கேட்டதே இல்லீங்களே.

அப்புறம்தான் எனக்கு சோதனை. காலைல எட்டரைக்கு அவ போனான்னா வீட்டுல நான் ஒருத்தன். ஒரு சத்தம் இல்லை. அய்யா, இதைத்தானே இத்தனை நாள் கேட்டோம், இனி வேலை பிச்சுக்கிட்டு ஓடும்னு உக்காந்தேன். ஓடலைங்க. ஃப்ரிட்ஜ் உர்ருன்னு ஓடறது கேக்குது. அது நின்னா, ஏன் நின்னுச்சுன்னு பாக்கப் போறேன். ஃபேன் கிர்ருங்குது. எந்திரிச்சு வாசலுக்குப் போறேன், திரும்பி வர்றேன், தண்ணி குடிக்கறேன், மறுபடி வாசலுக்குப் போறேன். நானே காலிங் பெல் ஒயரைத் திரும்ப மாட்டினேன். ஒருத்தரும் அடிக்கலை.

அவளுக்குப் போன் பண்ணுவேன். ஜீரகம் எங்க இருக்குதுன்னு கேப்பேன். "நீங்கதானே பேரு ஒட்டியிருக்கீங்க, பாருங்க"ம்பா. நாளைக்குப் பத்து தடவை, பன்னெண்டு தடவை. அப்புறம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான் எடுத்தா. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பேக்கரில போய் உக்காந்தேன். ஒரு டீக்கு மூணு மணி நேரம் உக்காந்தா அவன் பேசுவானில்லீங்க? பேசிட்டான். பார்க்குல உக்காந்தேன், வெயில்ல ஸ்க்ரீன் தெரியலை. ரயில்வே ஸ்டேசன்ல கூட உக்காந்து பாத்தேன். அங்க கொஞ்சம் பரவால்லை.

அந்த வருசம்தான் என் வாழ்க்கைலயே முத தடவையா ஒரு தப்பு எங்கண்ணை விட்டுத் தப்பிச்சுது. நாப்பது பீம், ஓட்டை எல்லாம் தலைகீழ். கப்பல்ல போய் அங்க எறங்குனதுக்கப்புறம் கண்டுபிடிச்சிருக்காங்க. நான் கையெழுத்துப் போட்ட படம். ஸ்டீபன் சார் திட்டலை. "ஒடம்பு கிடம்பு சரியில்லையா கனகராஜ்?"ன்னு கேட்டாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க. அந்தப் படத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாத்தேன். அவ்வளவு பெரிய தப்பு, பச்சைப் புள்ளைக்குத் தெரியும். எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?

இதுக்கு நடுவுல உடுமலைல புதுசா கிளை தொறக்கறாங்க, அம்சாவைப் பொறுப்பா போடறாங்கன்னு வந்து நிக்கறா. அனுமதி கேக்கலைங்க, சொல்றா. நான் சொன்னேன், எனக்கு யாரு சோறு போடறது? "நாலு நடைல எல்லாம் கைக்கு எட்டுமில்லீங்க"ன்னா. பாருங்க, நான் வரைஞ்ச படத்தை எவ்வளவு மதிக்கறா! அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? போகட்டும்னேன்.

ஆனா ஒண்ணு சொல்றேங்ணா. இந்த மூணு மாசம் சனி ஞாயிறு இருக்குதே, எங்க கல்யாணம் ஆன புதுசுல கூட அப்படி இருந்ததில்லைங்க. ஒரு வீட்டு மாடில ஒத்தை ரூம். நான் போறதுக்குள்ள ஏதாவது பலகாரம் பண்ணி வெச்சிருப்பா. பேசறா பாருங்க, வாய் ஓயாம. ஆஸ்பத்திரில நடந்தது, வந்தவங்க கதை, எல்லாம். திருமூர்த்தி மலை போனோம், அமராவதி அணைக்குப் போனோம், முதலைப் பண்ணையைப் பாத்தோம். மனசு லேசா இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்திவிட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவா. "அடுத்த வாரம் வாங்க"ன்னு கையைக் காட்டுவா.

அதான் யோசிச்சேன். ரெண்டு நாளே இவ்வளவு நல்லாருக்குதுன்னா ஏழு நாளும் இருந்தா எப்படி இருக்கும்? நான் எங்க உக்காந்தா என்ன, கம்ப்யூட்டர் இருந்தாச் சரி. அந்த ரூம்ல ஜன்னலோரம் அவ ஒரு பாயைப் போட்டு வெச்சிருக்கறா, ரேடியோ, நாலஞ்சு பொஸ்தகம் வெச்சிருக்கறா. அதையெல்லாம் கொஞ்சம் இந்தண்ட நகர்த்தினா நாலடிக்கு ரெண்டடி டேபிள் தாராளமா நிக்கும். போன சனிக்கிழமையே அவ குளிக்கப் போனப்ப அளந்துட்டேன்.

பொள்ளாச்சி வந்துருச்சா? பத்து நிமிசம் நிப்பாட்டுவான். டீ சாப்பிடறீங்களா? நான் எறங்க முடியாது, இதை யாரு பாத்துக்கறது...

அட, அவதான் கூப்பிடறா. இந்த நேரத்துல கூப்பிட மாட்டாளே.

சொல்லு அம்சா... ஆமா, பஸ்லதான்... யாரு, மிதுனா சொல்லிட்டாளா? சும்மா உனக்கு ஒரு... பொள்ளாச்சில நிக்குது... ஆமா, மானிட்டரும் எடுத்துட்டேன்... இல்ல, ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, இனிமே அங்கயே... அம்சா? லைன்ல இருக்கறயா? ... ம்... ம்... என்னது? ... எதுக்கு நீ அங்க... இரு, இரு... அம்சா...

வெச்சுட்டா.

இல்லீங்க, கோவமெல்லாம் இல்லை. கொரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு. என்ன சொன்னான்னா... "வாங்க. ரூம் சாவி கீழ்வீட்டுல இருக்குது, வாங்கிக்குங்க. நீங்க இங்க இருந்துக்குங்க. நான் ஆஸ்பத்திரில பேசி, கோயமுத்தூருக்கே மாத்தல் வாங்கிட்டு நம்ம வீட்டுக்குப் போய்க்கறேன். அது இப்ப காலியாத்தானே இருக்கும்"ங்கறா.

வெளையாட்டுக்குத்தானேங்க சொல்றா? நான் உடுமலைக்கு வந்தா அவ எதுக்குக் கோயமுத்தூர் போகணும்? ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கத்தானே நான் இதைத் தூக்கிட்டு வர்றேன்?

இல்லீங்ணா. வெளையாட்டு இல்லை. அவ வெளையாட்டுக்குச் சொன்னா முன்னாலயே சிரிச்சுருவா.

செத்த எந்திரிங்க, நான் அந்தப் பக்கம்... இல்ல, வேண்டாம், உக்காருங்க. காத்தே இல்லை இந்த பஸ்ல. பஸ்ஸை எடுத்துருவானா? இன்னும் டிரைவர் வரலையில்லீங்க.

அவ சொன்னதுல தப்பு எங்க இருக்குதுன்னு பாக்கறேன், எனக்குக் கிடைக்க மாட்டேங்குது. நான் இங்க, அவ அங்க. அவ இங்க, நான் அங்க. எப்படித் திருப்பிப் போட்டாலும் ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கற மாதிரி படமே வர மாட்டேங்குதுங்க. சனி ஞாயிறைத் தவிர.

என்ன சொல்றீங்க? அவங்ககிட்டக் கேட்டீங்களான்னா? எதை? வரலாமான்னா? கட்டின பொண்டாட்டி ரூமுக்குப் போக எதுக்குங்க கேக்கணும்? ... இல்ல, கேட்டதில்லை. கேக்க வேண்டிய சந்தர்ப்பம் வரலை. சமையக்கட்டுக்கா? அதுவும்... அது அவ நல்லதுக்குத்தானே பண்ணினேன், கேட்டா வேண்டாம்னிருப்பா.

இருங்க.

அலோ, அம்சா? வெச்சுராதே. ஒண்ணு கேக்கணும்... இல்ல, ஜீரகம் எங்க இருக்குதுன்னு கேக்கலை. நான்... சனிக்கிழமை வரட்டுமா? ... ஆமா, சனிக்கிழமை. இன்னிக்கு இல்லை. ... நீ சொல்லு, எத்தனை மணிக்கு வந்தா உனக்குத் தோது? ... ம். ... ம். சரி. சரிம்மா.

பதினோரு மணிக்கு மேல வரச் சொல்றா. காலைல அவளுக்கு ஏதோ வேலை இருக்குதாம். என்ன வேலைன்னு நான் கேக்கலை.

வரட்டுமான்னு கேட்டதுக்கு அவ, "கேக்கறீங்களா?"ன்னா. அவ்வளவுதான். அதுல அப்படி என்ன ஆச்சரியம்னு எனக்குப் புரியலை. ஆனா அந்தக் கொரலை நான் இதுக்கு முன்னால கேட்டதில்லைங்க.

டிரைவர் ஏறிட்டாரு. கொஞ்சம் காலை மடக்கிக்குங்க. இந்தப் பொட்டியை ஒரு கை பிடிச்சுக் குடுத்தீங்கன்னா நான் இங்கயே எறங்கிக்கறேன்.